சந்தைக்கடையில் கிடைத்த குடும்பம்

தாக்கெக் சந்தையின் பின்வரிசையில் பொழுது நன்றாக விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. முன்பக்கம் காய்கறி, மிளகாய், மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் ஒட்டரிசிச் சோறு. நடுவில் மேகாங் ஆற்று மீன்கள். அதையும் தாண்டினால் ஈரத்தரை. தவளைகளைக் காலைச் சேர்த்துக் கட்டிக் கொத்தாகப் போட்டிருக்கிறார்கள். மயிர் பொசுக்கிய அணில்கள் வாழையிலை மேல் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். நான் கேட்டு வந்த பெயரைச் சொன்னதும் ஒரு கடைக்கார அம்மா உதட்டைப் பிதுக்கினார். “கா-ஞூவா? இன்று வரவில்லை” என்று என்னுடன் வந்த பையன் மொழிபெயர்த்தான். வரவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

1996இல் லாவோஸ் நாட்டின் இந்த ஊர்ச் சந்தையில்தான் ராபர்ட் டிம்மின்ஸ் என்ற ஆய்வாளர் இதேபோல் இறைச்சிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு போனார். கானுயிர் ஆய்வுக்காக லாவோஸில் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். காட்டில் மாதக்கணக்கில் அலைந்தாலும் கண்ணில் படாத பிராணிகள் சந்தையில் தட்டுப்படும் என்பது அந்த வட்டாரத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அன்னமைட் மலையின் வரிமுயலையும் லாவோஸ் சந்தை ஒன்றில்தான் அவர் முதலில் பார்த்தார். 2000இல் அந்த முயலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தாக்கெக்கில் அவர் கண்ணில் பட்டது அணில் அளவிலான கரும்பழுப்புச் சாம்பல் நிறப் பிராணி ஒன்று. நீண்ட மீசைமயிர், வட்டக் காது, அணிலைவிட அடர்த்தி குறைந்த வால். எலியாகவும் தெரியவில்லை, அணிலாகவும் தெரியவில்லை. விற்றவர்களுக்கு அதில் குழப்பம் ஏதும் கிடையாது. அவர்களுக்கு அது கா-ஞூ, வாட்டித் தின்பது.

வயல் எலியைச் சுட்டுத் தின்பவர்கள் இருக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பயணிகள் சிலர் இந்த வரிசையைப் படமெடுத்துக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி ஓடுவதைப் பார்த்தபோது கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. உலகத்துக்கு ஒரு விலங்குக் குடும்பத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்த ஈரத்தரைதான்.

சந்தையில் கிடைத்தவற்றோடு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிராமத்தாரிடமிருந்து வாங்கியவையும் ஆந்தை கக்கிய உருண்டையிலிருந்து பொறுக்கிய எலும்பும் சேர்ந்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே பாலினா ஜென்கின்ஸ் அவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தார். 2005இல் அவரும் வில்லியம் கில்பாட்ரிக், மார்க் ராபின்சன், டிம்மின்ஸ் ஆகியோரும் சேர்ந்து லாவோனாஸ்டஸ் எனிக்மாமஸ் என்று பெயர் சூட்டினார்கள். புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம், புதிய குடும்பம் என்று அறிவித்தார்கள். பாலூட்டிகளில் புதிதாக ஒரு குடும்பம் சேர்வது அபூர்வத்திலும் அபூர்வம். வௌவாலிலும் எலியிலும் புது இனங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குடும்பம் என்பது வேறு கணக்கு. பூனை, புலி, சிங்கம் எல்லாம் ஒரே குடும்பத்தில் அடங்கிவிடுகின்றன என்றால் அதன் எடை புரியும்.

அந்த அறிவிப்பு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. அதைச் சொல்லும் முன் மலையைப் பார்த்துவிடலாம்.

தாக்கெக்கிலிருந்து கிழக்கே வியட்நாம் எல்லையை நோக்கிப் போகிறது 12ஆம் எண் சாலை. மேகாங்கின் மறுகரையில், தாய்லாந்தின் நக்கோன் பனோமில் நின்று பார்த்தாலே இந்தக் குன்றுகள் வரிசையாகத் தெரியும். கிட்டப் போனால் வரிசை உடைந்து தனித்தனியாக நிற்கின்றன. நெல்வயல் சமதரையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு சுவர் செங்குத்தாக எழும்பும். சரிவு என்று ஒன்று கிடையாது. வயல் முடிந்த இடத்தில் பாறை தொடங்குகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது. மழை இதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையாகவும் வெளியே கத்திமுனையாகவும் ஆக்கியிருக்கிறது. ஓடி வரும் ஆறு ஒரு குன்றின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கொங்லோர் குகைக்குள் ஆறு 7 கிலோமீட்டர் தூரம் இருட்டிலேயே ஓடுகிறது. அதில் படகில் போகலாம்.

வழியில் ஒரு குகையில் புத்தர் சிலைகளைப் பார்க்க நிறுத்தினோம். 2004இல் ஊர்க்காரர் ஒருவர் வௌவால் பிடிக்கப் பாறையில் ஏறியபோது தற்செயலாகக் கண்டது அது. உள்ளே இருநூற்றுக்கும் மேற்பட்ட சிலைகள், நூற்றாண்டுக்கணக்கில் யாரும் தொடாமல். இப்போது படிக்கட்டு, நுழைவுச்சீட்டு எல்லாம் வந்துவிட்டன. இந்த மாவட்டத்தில் எது கிடைத்தாலும் சாப்பாட்டுக்குப் போனவர் கையில்தான் கிடைக்கும்போல.

சாலையோரத்தில் வீடுகளுக்குக் கீழே நீளமான உலோகப் படகுகள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் எரிபொருள் தீர்ந்ததும் கழற்றிப் போட்ட தொட்டிகள். இரண்டாகப் பிளந்து படகாக்கிக்கொண்டார்கள். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. ஹோ சி மின் பாதையின் கிளைகள் இந்தக் கம்முவான் மாகாணத்தின் கிழக்குப் பகுதி வழியாகத்தான் இறங்கின. வெடிக்காத குண்டு இன்னும் மண்ணில் இருக்கிறது. “அண்ணா, பாதையை விட்டு ஓர் அடி தள்ளியும் கால் வைக்காதீர்கள், அவசரத்துக்கு ஒதுங்கினாலும் பாதையிலேயே” என்று பையன் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

சாலையிலிருந்து பிரிந்து மண்பாதையில் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வேட்டை பற்றி மனம்விட்டுப் பேசியவர்கள் அவர்கள். வீடுகள் கட்டைக்கால்கள் மேல் நிற்கின்றன. பின்கட்டில் கோழி, அதற்குப் பின்னால் புகையிலைச் செடி, அதற்குப் பின்னால் நேராகக் குன்று. எங்களை உட்கார வைத்து ஒட்டரிசிச் சோறும் காரமான மிளகாய்த் துவையலும் கொடுத்தார் வீட்டுப் பெரியவர். அவர் வேட்டையை விட்டுப் பல காலமாகிவிட்டது என்றார். சுவரில் கம்பிச் சுருக்குகள் மாட்டியிருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கா-ஞூவைப் பற்றிக் கேட்டதும் தகவல் கொட்டியது. பகலில் வெளியே வராது. குன்றடியில் பெரிய பெரிய பாறைகள் உடைந்து விழுந்து கிடக்கும் இடத்தில், இடுக்குகளில் இருக்கும். வயலுக்கு வராது, மண்ணில் வளை தோண்டாது, அடர்ந்த காட்டுக்குள்ளும் போகாது. பாறை இருந்தால்தான் கா-ஞூ. இலையும் புல்லும் விதையும் தின்னும். ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான். எலி என்றால் வதவதவென்று பெருகும் என்று நினைக்கிற நமக்கு இந்தக் கடைசித் தகவல் உறைக்க வேண்டும். பெரியவர் சொன்னதெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளிலும் இருக்கிறது. கட்டுரை எழுதியவர்கள் பாதியை இவரைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதினார்கள்.

வெயில் தாழ்ந்ததும் பாறைக்குவியலுக்குப் போனோம். போகும் பாதை வயல் வரப்புதான். முடியும் இடத்தில் கால் வைக்கத் தட்டையான இடமே கிடையாது. வீட்டளவு பாறை ஒன்று, அதன்மேல் சாய்ந்தபடி இன்னொன்று, நடுவில் கை நுழையும் இருட்டு. தொட்ட இடமெல்லாம் தோல் கிழிக்கிறது. என்னுடைய காலணியின் அடிப்பாகம் அங்கேயே பிய்ந்தது. ஓர் இடுக்கின் வாயில் சிறு புழுக்கைகள் காய்ந்து கிடந்தன. “இதுதான்” என்றான் பையன். நான் அவற்றை வெகுநேரம் பார்த்தேன். புழுக்கையை இவ்வளவு மரியாதையோடு பார்க்கிற ஆளை அவன் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டான்.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தபோதுதான் தாடை விஷயத்தைப் பையனுக்குச் சொன்னேன். கொறிணிகளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குத் தாடைதான் சாதகக் கட்டம். கீழ்த்தாடையின் பின்மூலை நேராக இருந்தால் அணில் வகை; வெளிப்பக்கம் விரிந்திருந்தால் முள்ளம்பன்றி வகை. மண்டையோட்டில் கண்ணுக்கு முன்னால் ஒரு துளை இருக்கிறது. அது பெரிதாகி அதன் வழியே மெல்லும் தசை புகுந்து போனால் அதுவும் முள்ளம்பன்றி வகை அமைப்பு. கா-ஞூவுக்கு மேலே முள்ளம்பன்றியின் மண்டை, கீழே அணிலின் தாடை. கடைவாய்ப்பற்களில் குறுக்கே இரண்டிரண்டு வரப்புகள். இப்படி ஒரு சேர்க்கையை உயிரோடு இருக்கும் எலிகளுக்கு நடுவே தேடினால் ஆள் அகப்படுவது அபூர்வம். லண்டன் குழு மரபணுவையும் எலும்பையும் வைத்துத் தனிக்குடும்பம் என்று முடிவு செய்தது அதனால்தான்.

பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்தில் இருந்த மேரி டாசன் செத்த எலிகளுக்கு நடுவே வாழ்ந்தவர். அவருக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. சீனாவின் சாண்டோங் மாகாணத்தில் சான்வாங் என்ற இடத்தில், பழைய ஏரியின் அடியில் நுண்பாசி ஓடுகள் படிந்து உண்டான மெல்லிய பாளங்களுக்குள் ஒரு கொறிணி முழு எலும்புக்கூடாக அகப்பட்டிருந்தது. சுவான்-குயி லீ 1974இல் அதற்கு டயட்டோமிஸ் என்று பெயர் வைத்திருந்தார். தாய்லாந்தின் லம்பூன் மாகாணத்தில் அதே பேரினத்தின் இன்னொரு இனம் கிடைத்தது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில், புக்தி மலையில், 3 கோடி ஆண்டு அளவில் பழமையான ஃபாலோமஸ். டாசனும் லீயும் கிறிஸ்டோபர் பியர்டும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவரும் சேர்ந்து லாவோஸ் எலும்புகளை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2006 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது: இது புதுக்குடும்பம் இல்லை. டயட்டோமையிடே என்ற பழைய குடும்பம். 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாகக் கணக்கை முடித்து வைத்திருந்த குடும்பம்.

செத்தவன் எழுந்து வந்ததால் பைபிளின் லாசரு பெயரால் இதைத் தொல்லுயிரியலில் லாசரு விளைவு என்கிறார்கள். 1938இல் தென்னாப்பிரிக்காவில் மீன்பிடிக் கப்பலின் குவியலில் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்த சீலகாந்த் மீனோடு கா-ஞூவை ஒப்பிட்டு எழுதினார்கள். எனக்கு லாசரு ஒப்புமை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. லாசரு கல்லறையிலிருந்து வந்தான். இது கல்லை விட்டு எங்கும் போகவே இல்லை.

இதில் வேடிக்கை, குடும்பம் முடிவான அந்த மார்ச் மாதம்வரை ஆய்வாளர் எவரும் கா-ஞூவை உயிரோடு பார்த்ததில்லை. மே மாதம்தான் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் டேவிட் ரெட்ஃபீல்டும் தாய்லாந்தின் உயிரியலாளர் உத்தாய் திரீசுகோனும் தாய்லாந்து எல்லையை ஒட்டிய தோய் என்ற சிற்றூருக்கு வந்தார்கள். ஊர் வேட்டைக்காரர்கள் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்கள். படம் எடுத்து, காணொளி எடுத்து, பிடித்த பாறையிலேயே விட்டார்கள். அந்தக் காணொளியை என் கைபேசியில் பையனுக்குக் காட்டினேன். சாதுவாக உட்கார்ந்திருக்கும், பிறகு பின்னங்காலைப் பக்கவாட்டில் விரித்து வாத்துபோல ஆடி ஆடி நடக்கும். சமதரையில் இவ்வளவு அசடாக நடக்கிற ஒன்று எப்படி இத்தனை காலம் தப்பியது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். சமதரைக்கு அது வருவதே இல்லை என்பதுதான் விடை.

எங்களுக்கும் ஒன்று தெரிந்தது. தெரிந்தது என்று சொல்லும் அளவுக்குத்தான். தலைவிளக்கின் விளிம்பில், இரண்டு பாறை சாயும் இடத்தில், மூக்கும் மீசையும் வட்டக்காதும். விளக்கை முழுதாகத் திருப்பியதும் உடம்பு திரும்பியது. செங்குத்தான கல்லின் முகத்தில் குறுக்காக ஏறியது. அந்த ஏற்றத்தில் ஆட்டமில்லை, தயக்கமில்லை. காணொளியில் அசடாகத் தெரிந்த அதே விரிந்த பாதம் கல்லை அப்பிக்கொண்டு போனது. வால் உள்ளே இழுபட்டதும் காட்சி முடிந்தது.

இந்தப் பாதம், இலை தின்று நொதிக்க வைக்கும் பல அறை வயிறு, ஒற்றைக் குட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பாறையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்று தெரிகிறது. மரபணு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. உயிரோடு இருப்பவற்றில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இருக்கும் குண்டி என்ற கொறிணிகள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அதுவும் பாறையிடுக்கில் வாழ்வதுதான். இரண்டு கிளையும் பிரிந்து சுமார் 4 கோடியே 40 லட்சம் ஆண்டு ஆகிறது என்று 2007இல் கணக்கிட்டார்கள். நெருங்கிய சொந்தமே அவ்வளவு தூரம் என்றால் தூரத்துச் சொந்தத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது.

திரும்பி நடக்கும்போது பையன் ஒரு கேள்வி கேட்டான்: அதோ எதிரே தெரிகிற குன்றில் இருப்பதும் இதே கா-ஞூதானா? இந்தப் பயணத்தில் நான் கேட்ட கேள்விகளைவிட அது நல்ல கேள்வி. இங்கிருந்து அந்தக் குன்றுக்கு நடுவில் வயல் மட்டும்தான். நமக்கு நடக்கிற தூரம். பாறையை விட்டு இறங்காத பிராணிக்கு அது கடல். பிரான்ஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வயலேன் நிக்கோலா குழு பல இடங்களிலிருந்து கா-ஞூக்களைச் சேகரித்து மரபணுவை ஒப்பிட்டு 2012இல் எழுதியது. ஒவ்வொரு சுண்ணாம்புக்கல் தொகுதியிலும் இருப்பவை தனித்தனி வம்சமாகப் பிரிந்து நிற்கின்றன; சிலவற்றைத் தனி இனமாகவே கொள்ள வேண்டியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. ஒரே ஓர் இனம் மிச்சமிருக்கும் குடும்பம் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். குன்றுக்கு ஒரு குடித்தனம் என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

உயிரினங்களின் அழிவு ஆபத்தை அளவிடும் சிவப்புப் பட்டியல் விவகாரத்தில் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான். 2008இல் கா-ஞூ அருகிவரும் இனமாகச் சேர்க்கப்பட்டது. பிறகு பல இடங்களில் இருப்பது தெரிந்தது. 2011இல் வியட்நாமின் ஃபோங் ஞா-கே பாங் தேசியப் பூங்காப் பக்கத்திலும் கண்டுபிடித்தார்கள். பட்டியலில் இப்போது கவலை குறைந்த இனம் என்று இருக்கிறது. எல்லாக் குன்றையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்குச் சரிதான். ஆனால் ஒரு குன்றில் வேட்டை அதிகமாகி அங்கிருப்பது தீர்ந்துபோனால் பக்கத்துக் குன்றிலிருந்து ஒன்றும் வந்து குடியேறாது. கூட்டுத்தொகையில் பெரிதாகத் தெரியாமலே குன்று குன்றாகக் காலியாகலாம்.

வேட்டையைவிடப் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் என்றால் சிமெண்ட். கம்முவான் மாகாணத்தில் சிமெண்ட் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாலையில் எங்களுக்கு எதிரே வந்த லாரிகளில் பாதி வெள்ளைத்தூள் பூசியவை. வேட்டைக்காரன் கா-ஞூவைப் பாறையிலிருந்து எடுப்பான். ஆலை கா-ஞூவிடமிருந்து பாறையை எடுத்துவிடும். கிழக்கே ஹின் நம் நோ தேசியப் பூங்கா பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூலையில் வியட்நாம் பக்கத்துப் பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நல்ல செய்திதான். அங்கே இருப்பது அங்கே இருக்கும் வம்சம் மட்டும்.

ஊருக்குள் வந்து சேர்ந்தபோது பெரியவர் தூங்காமல் இருந்தார். பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றதும் அரிசிச் சாராயம் ஒரு சிறு கிண்ணத்தில் வந்தது. உங்கள் நாட்டில் கா-ஞூ உண்டா என்று பையன் மூலமாகக் கேட்டார். முன்பு இருந்தது என்றேன். லடாக்கில், கார்கில் பக்கத்துப் பாறைப்படிவுகளில், ஃபாலோமஸின் ஓர் இனம் கிடைத்திருக்கிறது. 1998இல் நந்தா, சானி என்ற ஆய்வாளர்கள் அதற்கு லடாக்கின் பெயரையே சூட்டினார்கள். பையன் இதை எப்படிச் சுருக்கிச் சொன்னானோ, பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்சம் கடுமையாகப் பார்த்தார்.

“எல்லாவற்றையும் நீங்களே தின்றுவிட்டீர்களா?”

அப்போது மனிதனே இல்லை என்று சொல்லச் சொன்னேன். பையன் சொன்னான். பெரியவர் நம்பியதாகத் தெரியவில்லை.